ஒரு சோறு பதம்: அமெரிக்கக் கருத்துக் கணிப்புகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 33 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு ‘நாட்டின் கருத்து’ என்று சொல்வது நியாயமா?

பதில்: அந்த ஆயிரம் பேரைப் பொறுக்கிய விதம் சரியாக இருந்தால் நியாயமே. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும்போது பானையின் அளவை யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் சமவாய்ப்பு கிடைக்குமாறு எடுத்த ஆயிரம் பேரின் விடை, 100 கணிப்புகளில் ஏறத்தாழ 95இல், உண்மையிலிருந்து 3 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகாது. அந்தப் பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் 4 ஆயிரம் பேரைக் கேட்க வேண்டும். செலவுக்கு அது கட்டாது.

கேள்வி: இலட்சக்கணக்கானோரைக் கேட்டால் தவறவே தவறாது அல்லவா?

பதில்: அப்படித்தான் 1936 அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க இதழ் நம்பியது. தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார்ப் பதிவேடுகளிலிருந்தும் முகவரிகளைத் திரட்டி, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துக் குடியரசுக் கட்சியின் லாண்டனே வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அன்றைய 48 மாநிலங்களில் 46ஐ, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் வென்றார். லாண்டனுக்கு மிஞ்சியவை மெய்னும் வெர்மான்ட்டும் மட்டுமே. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் பானையின் மேற்பரப்பில் மிதந்த சோறு. அவர்களுக்குள்ளும் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே சிரமம் பாராமல் சீட்டை நிரப்பி அனுப்பினார்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை (பொறுக்கி எடுத்த ஆட்களின் தொகுதியை) வைத்து ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னவர் கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப். அவரும் 1948 அதிபர் தேர்தலில் ட்ரூமனைக் குடியரசுக் கட்சியின் டூயி வெல்வார் என்று சொல்லிச் சறுக்கினார்: தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே கணிப்பை நிறுத்திக்கொண்டதால், கடைசி நேர மாற்றம் அவர் கண்ணில் படவில்லை. ‘டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்’ என்று அச்சேறிய சிகாகோ நாளிதழை, வென்ற ட்ரூமனே உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

கேள்வி: அமெரிக்கருக்குக் கட்சிப் பற்று எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் 1965இல் தனித்தனியே கேட்டறிந்த அரசியல் ஆய்வாளர்கள் ஜென்னிங்ஸ், நீமி ஆகியோர், தனித்தனிப் பிரச்சினைகள் பற்றிய கருத்துகளைவிடக் கட்சிச் சார்பே பிள்ளைகளிடம் அதிகமாகத் தங்குவதைக் கண்டார்கள். ஆனால் வீடு மட்டுமே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. 1930களில் பென்னிங்டன் கல்லூரிக்கு வந்த, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள் பலர் படிப்புக் காலத்தில் தாராளவாதம் பக்கம் சாய்ந்ததைச் சமூக உளவியலாளர் நியூகம்ப் பதிவு செய்தார். கால் நூற்றாண்டு கழித்துத் தேடிச் சென்று கேட்டபோதும் அவர்களில் பெரும்பாலோர் மாறியிருக்கவில்லை.

கேள்வி: கேள்வியின் சொற்கள் விடையை மாற்றுமா?

பதில்: வியக்கத்தக்க அளவுக்கு மாற்றும். ‘ஏழைகளுக்கு உதவ’ அரசு செலவிடுவது போதாது என்று சொல்லும் அதே நாட்டு மக்களிடம் ‘வெல்ஃபேர்’ (அரசு நல உதவி) என்ற சொல்லை வைத்துக் கேட்டால், போதாது என்போரின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்துவிடுகிறது. சின்சினாட்டியில் ஆய்வாளர்கள், இல்லாத ஒரு ‘1975ஆம் ஆண்டுப் பொது விவகாரச் சட்டம்’ பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவர் அளவுக்கு அதற்கும் கருத்துச் சொன்னார்கள்! அதனால், ‘தெரியாது’ என்ற விடைக்கு இடம் தராத கணிப்பை நான் நம்புவதில்லை.

கேள்வி: 2016, 2020 அதிபர் தேர்தல்களில் கணிப்புகள் ஏன் பிசகின?

பதில்: 2016இல் தேசியக் கணிப்புகள் பெரிதாகப் பிசகவில்லை, சில மாநிலக் கணிப்புகளே காலை வாரின. பட்டதாரிகள் கணிப்பாளர்களுக்குக் கூடுதலாகப் பதில் தருவார்கள்; அவர்கள் ட்ரம்பைவிட ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். எடுத்துக்காட்டாக, வாக்காளரில் 35 சதவீதமாக உள்ள பட்டதாரிகள் மாதிரியில் 50 சதவீதமாகிவிட்டால், ஒவ்வொருவரையும் 0.7 ஆளாக எண்ணிச் சரிக்கட்ட வேண்டும்; இதை எடையிடுதல் என்பார்கள். பல மாநிலக் கணிப்புகள் அதைச் செய்யவில்லை. 2020இல் அதைச் செய்தும் பைடனின் முன்னிலை மிகையாகவே வந்தது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997இல் 36 சதவீதம் பேர் பதில் தந்தார்கள். 2018இல் 6 சதவீதம் பேர்தான். பதில் தந்த பட்டதாரி அல்லாதவரும் பதில் தராத பட்டதாரி அல்லாதவரும் வேறுவேறாக வாக்களித்தால், எந்த எடையும் அதைச் சரிசெய்யாது.