பதினொரு பேர், நாலு பிரதி

வணக்கம் ஐயா,

கோண்டாவிலில் மாதம் ஒரு ஞாயிறு பதினொரு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிக் கதைக்கிறோம். எங்கள் காசுக்கு நாலு பிரதிதான் வாங்கலாம், அதைக் கைமாற்றி வாசிக்கிறோம். கடைசி மூன்று கூட்டத்துக்கும் பாதிப்பேர் முடிக்காமலே வந்தார்கள். அடுத்ததற்கு சயந்தனின் 'ஆதிரை', ஷோபாசக்தியின் 'இச்சா', அனுக் அருட்பிரகாசத்தின் 'ஏ பாஸேஜ் நோர்த்' என்று மூன்று பெயர் வந்திருக்கிறது. கை தூக்கச் சொன்னால் கடைசியில் ஆறுக்கு ஐந்து என்று வரும். தோற்ற ஐந்து பேரும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். மூன்றில் எது சிறந்தது?

வாசகர், யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

எது சிறந்தது என்று கேட்டால் இந்தச் சண்டை தீராது. எதைப் பதினொரு பேரும் முடிப்பார்கள், முடித்தபின் எதில் பிரிந்து நின்று வாதாடுவார்கள் என்று பாருங்கள்.

முதலில் கணக்கு. வேலையும் வீடும் உள்ளவர் நாளுக்கு 20 பக்கம் வாசித்தாலே பெரிய விஷயம். நாலு பிரதி என்றால் ஒன்றுக்கு மூன்று பேர். நாலு கிழமை இடைவெளியில் ஆளுக்கு ஒன்பது நாள்தான் வரும், அதாவது 180 பக்கம். உங்கள் ஆட்களைச் சோம்பேறிகள் என்று ஏசாதீர்கள். இடைவெளியை ஆறு கிழமையாக்கினால் ஆளுக்கு 14 நாள், 280 பக்கம் வரும். அதைவிட வெகுவாக நீளும் நாவலை ஒரே கூட்டத்துக்கு வைக்க வேண்டாம்.

கைமாற்றி வாசிப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. முதலில் வாசித்தவருக்குக் கூட்டத்தன்று பாத்திரங்களின் பெயரே மறந்திருக்கும். அவர் ஒரு துண்டில் பெயர்களையும் உறவுமுறையையும் உறுத்திய பக்க எண்களையும் எழுதி உள்ளே வைக்கட்டும். கருத்து மட்டும் எழுதக் கூடாது. அடுத்தவரின் வாசிப்பு கெட்டுவிடும்.

வாக்கெடுப்புக்கு முன் கடைக்கு ஒரு அழைப்பு எடுங்கள். தமிழகத்தில் அச்சான புத்தகம் இங்கே இலங்கை ரூபாயில், அட்டையிலுள்ள இந்திய விலை எண்ணின் மூன்று மடங்கைத் தாண்டும். கையிருப்பு இல்லையென்றால் வந்துசேரும்வரை காத்திருக்கும் நாட்களும் வாசிப்பு நாட்களிலிருந்துதான் கழியும். பிறகு, முன்மொழிந்தவர் நாவலின் நடுவிலிருந்து இரண்டு பக்கம் உரக்க வாசிக்கட்டும். தொடக்கத்தை எல்லா எழுத்தாளரும் மெருகேற்றித்தான் வைப்பார்கள். நூறாம் பக்கம்தான் உண்மையைச் சொல்லும். கேட்டபின் ஒவ்வொருவரும் தான் வாசிக்கத் தயாரான நாவல்களுக்கெல்லாம் சீட்டில் புள்ளடி போடட்டும், ஒன்றுக்கு மட்டும் அல்ல. ஒன்பது பேர் 'சரி' என்ற நாவல், ஆறு பேர் 'இதுதான் வேணும்' என்று அடம்பிடித்த நாவலைவிட உங்களுக்கு உதவும்.

இனி உங்கள் மூன்றும். 'ஆதிரை' (2015) அறுநூறு பக்கத்தைத் தாண்டும். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களும் வன்னி மக்களுமாக, முள்ளிவாய்க்கால்வரை நீளும் கதை. ஒரு கூட்டத்துக்கு வைத்தால் கடைசி இருநூறு பக்கத்தைப் பாதிப்பேர் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தப் பக்கங்களுக்குச் செய்யும் அநியாயம் அது. மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்.

'ஏ பாஸேஜ் நோர்த்' ஆங்கில நாவல், 2021இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலுக்குப் போனது. கொழும்பிலிருந்து ஒரு சாவீட்டுக்காக வடக்கே ரயிலில் போகும் இளைஞனின் நினைவோட்டம். நீண்ட வாக்கியங்கள், உரையாடல் மிக அரிது. பதினொரு பேரும் ஆங்கிலத்தில் நாளுக்கு 20 பக்கம் போவார்களா? மூன்று பேர் தடுமாறினாலும் கூட்டம் கதைச்சுருக்கம் சொல்லும் வகுப்பாகிவிடும்.

'இச்சா' (2019) 'ஆதிரை'யின் பாதியளவு. ஆலா என்ற சிறைப்பட்ட பெண்போராளியின் எழுத்தாக வருகிறது. ஒரு ஆண் எழுத்தாளர் அவள் குரலை எடுத்தது சரியா, அந்தக் குரலை எவ்வளவு நம்பலாம் என்ற இரண்டு கேள்வியிலும் உங்கள் அறை நிச்சயம் பிரியும். இந்தமுறைக்கு இதுதான் என் தெரிவு, ஆறு கிழமை கொடுத்து.

ஒரு எச்சரிக்கை. போரைப் பற்றிய நாவல் என்றால் நம்மூரில் கூட்டம் பத்தே நிமிடத்தில் 'அப்படி நடக்கேல்லை, நான் அங்க நின்டனான்' என்று திரும்பிவிடும். சொல்பவரைத் தடுக்காதீர்கள், தடுப்பது கொடுமை. ஆனால் முதல் அரைமணி நேரம் பக்க எண் சொல்லித்தான் கதைக்க வேண்டும், அனுபவம் அதற்குப் பிறகு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். வீட்டில் இழப்பு உள்ள ஒருவர் 'இந்தமுறை நான் வரேல்லை' என்றால் காரணம் கேட்கவே வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு போர் நாவல் வைக்காமல் இடையில் வேறு மண்ணின் கதை ஒன்றைப் போடுங்கள். கொங்குப் பேச்சிலோ நாஞ்சில் பேச்சிலோ எழுதியது என்றால் முதல் ஐம்பது பக்கம் நமக்கு மெதுவாகத்தான் நகரும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் திருவிழாவின் 25 நாளும் ஒருவரும் புத்தகம் திறக்கமாட்டார்கள். 'ஆதிரை'யின் முதல் பகுதியைத் தீர்த்தம் முடிந்த கிழமையிலிருந்து தொடங்குங்கள்.