மீன் ஏலமும் மாதிரி வழி மென்பொருளும்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுபவர்களுக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்து வருகிறோம். செயலி எந்தத் தரவுகளைக் கையாளுகிறது, அவை எப்படித் தொடர்புபடுகின்றன என்று காட்டும் வரைபடமான மாதிரியை வரைந்தால், திரைகளும் தரவுத்தளமும் அதிலிருந்து தாமாக உருவாகும் முறை எங்களுடையது. வடிவமைப்பாளர் பயனர்களிடம் காட்டித் திரைகளைத் திருத்துகிறார். மாதிரியை மாற்றி மறுபடி உருவாக்கியதும் அத்திருத்தங்கள் அழிந்துவிடுகின்றன. ஏலக்காரர்களோ இன்னும் நோட்டையே நம்புகிறார்கள். மாதிரியிலிருந்து உருவாக்குவதும், பயனரிடம் காட்டித் திருத்துவதும் ஒத்துப்போகுமா?
வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஒத்துப்போகும். திருத்தம் செய்யும் இடம்தான் தவறு. உருவாகி வந்த திரையில் கைவைத்தால் அது அடுத்த முறை நிற்காது என்பது இம்முறையின் இயல்பே.

தாங்கள் அனுப்பிய முதல் திரையின் படத்தைப் பார்த்தேன். படகு எண், மீன் வகை, எடை, கிலோ விலை, வாங்குபவர் என்று அது வரிசையாகக் கேட்கிறது. எடைக்கு அருகில் கட்டாயம் என்னும் உடுக்குறியும் (*) இருக்கிறது. ஆனால் தாங்கள் கடிதத்தோடு இணைத்துள்ள நோட்டுப் பக்கத்தில் எடை என்ற பத்தியே இல்லை. கூறு கட்டிக் கொட்டிய மீனைக் கண்ணால் மதித்து விலை கேட்கிறார்கள். விலை படிந்ததும் தொகையும், அதன் பின் வாங்கியவர் பெயரும் எழுதப்படுகின்றன. எடை கேட்டு நிற்கும் திரையின் முன் ஏலக்காரர் வாய்க்கு வந்த ஓர் எண்ணைப் போடுவார், அல்லது நோட்டை எடுப்பார். பெட்டிகளை மேலும் கீழும் நகர்த்தி வடிவமைப்பாளர் இதைச் சரிசெய்ய இயலாது. ஏனெனில் விற்பனை என்பது எடையைக் கிலோ விலையால் பெருக்கியது என்று தங்கள் மாதிரியே சொல்கிறது, அங்கே விற்பதோ கூறு. மாதிரியில் கூறு என்பதைத் தனிப்பொருளாக்கி, எடையைப் பின்னர் நிரப்பத்தக்கதாக மாற்றினால் திரை தானே மாறிவிடும்.

ஆகவே தரவு மாதிரிக்கும் முன்னதாகப் பணி மாதிரி ஒன்று வேண்டும். இத்தாலிய ஆய்வாளர் ஃபாபியோ பதெர்னோ 1990களில் வகுத்த கன்கர்டாஸ்க்ட்ரீஸ் (ConcurTaskTrees) என்னும் வரைமுறை இதற்கென்றே பிறந்தது: எந்த வேலை எதன் பின், எவை ஒருசேர, எதை நடுவில் நிறுத்தலாம் என்பதை மரமாக வரைவது. பயனர் திரைகளை மாதிரியிலிருந்து உருவாக்குவதற்காக 2003-இல் வெளிவந்த கமேலியன் சட்டகமும் பணி, அருவத் திரை (தோற்றம் முடிவாகாதது), பருமைத் திரை (பொத்தானும் பெட்டியும் முடிவானது), இறுதித் திரை (இயங்குவது) என்று மேலிருந்து கீழே இறங்குகிறது. முதற்படியைப் பலரும் அலுவலக மேசையிலேயே முடித்துவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை. பயனர் பணிபுரியும் சூழலை அறிவதை, பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்புக்கான ஐஎஸ்ஓ 9241-210 என்னும் பன்னாட்டுத் தரநிலை தொடக்கத்திலேயே வைக்கிறது. தாங்கள் விடியற்காலையில் துறைமுகத்தில் நிற்பதே அந்தச் சூழலை அறிதல்.

எல்லாத் திருத்தமும் மாதிரிக்குப் போக வேண்டியதில்லை. ஈரமும் செதிலும் ஒட்டிய விரலுக்குப் பொத்தான் சிறியது என்று தெரிந்தால், அது மாதிரியைத் திரையாக்கும் உருமாற்ற விதியில் சேர வேண்டும். ஒரு முறை மாற்றினால் எல்லாத் திரைகளிலும் பொத்தான் பெரிதாகும். ஒரே ஒரு திரைக்கான ஒப்பனையைத் தனிக்கோப்பில் வைத்து, திரைகளை உருவாக்கும் கருவி அதைத் தொடாதவாறு காத்துக்கொள்ளலாம். வடிவமைப்பாளரிடமும் இதையே சொல்லுங்கள்: ஒவ்வொரு குறிப்பிலும் அது மாதிரிக்கா, விதிக்கா, தனிக்கோப்புக்கா என்று எழுதட்டும்.

ஏலக்காரரிடம் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்த மாதிரியைக் காட்டிப் பயனில்லை. நேற்று மாற்றிய மாதிரியிலிருந்து இன்று காலை உருவான திரையைக் கையில் கொடுத்தால் அவர் இரண்டு கூறு விற்பதற்குள்ளேயே குறையைச் சொல்லிவிடுவார். தாமாக உருவாக்கும் முறை பயனர் பக்கத்துக்குச் செய்யும் பேருதவி இதுதான். இதைத் தாங்கள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கேள்வி: ஒரு செயலியைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்கிறார்களே, உண்மையா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பயன்பாட்டு எளிமைத் துறை வல்லுநர் யாக்கோபு நீல்சன் 2000-இல் அவ்வாறு எழுதினார், ஒரே வகைப் பயனர்களுக்கும், திருத்தித் திருத்திப் பலமுறை சோதிப்பவர்களுக்கும் அது பொருந்தும். மூன்றோ அதற்கு மேலோ வெவ்வேறு வகையினர் இருந்தால் வகைக்கு மூவர் என்பதும் அவர் சொன்னதே. மேலே உள்ள செயலியை ஏலக்காரர், வியாபாரி, படகு உரிமையாளர் ஆகியோர் பயன்படுத்துவதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஒன்பது பேர்.