வங்கியும் ஃபின்டெக்கும் சேர்ந்தால் இலாபம் கூடுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "நான் பங்கு வைத்திருக்கும் வணிக வங்கி, போன் செயலி வழியாகக் கட்டணம் செலுத்தவும் சிறு கடன் எடுக்கவும் வசதி தரும் ஃபின்டெக் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. இலாபம் கூடுமா? இன்னும் பங்கு வாங்கலாமா?"

கூட வாய்ப்புண்டு அம்மா. ஆனால் தொடக்கத்தில் செலவுதான் முந்தும். இந்த அறிவிப்பை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

பலர் கமிஷனைத்தான் பார்க்கிறார்கள். கியூஆர் கட்டணத்தில் கடைக்காரரிடம் எடுப்பதே சிறு வீதம். அதையும் பல தரப்புகள் பங்குபோட வேண்டும். பெரிய ஆதாயம் வைப்புகளில் இருக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரியின் அன்றாட வசூல் அந்த வங்கியின் நடைமுறைக் கணக்கில் விழுந்தால், அதற்குப் பெரும்பாலும் வட்டியே கொடுக்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, 7 வீத நிலையான வைப்புக்குப் பதில் 100 கோடி ரூபாய் இப்படிக் கிடைத்தால், ஆண்டுக்கு 7 கோடி மிச்சம்.

ஆகவே கணக்கு எங்கே திறக்கப்படுகிறது என்று பாருங்கள். இலங்கை வங்கிகளை இணைக்கும் கட்டண வலையமைப்பான லங்காபேயின் ஜஸ்ட்பே வசதி மூலம் ஒரே செயலியில் பல வங்கிக் கணக்குகளை இணைக்கலாம். உங்கள் வங்கி அந்த வரிசையில் ஒன்று மட்டும்தான் என்றால், வாடிக்கையாளர் மெல்ல மெல்லச் செயலிக்காரருக்கே சொந்தமாகிவிடுவார். அடுத்த கடனையும் அங்கேதான் கேட்பார்.

கடன் பக்கம் இன்னும் கவனம் தேவை. ஆளைத் தேடிப் பிடிப்பது ஃபின்டெக். கடன் நிற்பதோ பெரும்பாலும் வங்கியின் ஏட்டில். இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9இன்படி, கடன் கொடுத்த காலாண்டிலேயே எதிர்பார்க்கும் இழப்புக்கு ஒதுக்கீடு வைக்க வேண்டும். வட்டி பிறகுதான் மாதாமாதம் வரும். அதனால் கடன் வேகமாக வளரும்போது இலாபம் சற்று இறங்கினால் பதற வேண்டாம். வளர்ச்சி நின்ற பிறகும் ஒதுக்கீடு ஏறிக்கொண்டே போனால், கடன் வாங்கும் ஆள் தெரிவு பிழையாகிவிட்டது என்று அர்த்தம்.

கூட்டாளி விழுந்தாலும் வங்கிக்குத்தான் தலையிடி. அமெரிக்காவில் ஃபின்டெக் செயலிகளையும் வங்கிகளையும் இணைக்கும் இடைத்தரகராக இருந்த சினாப்ஸ் நிறுவனம் 2024 ஏப்ரலில் வங்குரோத்து அடைந்தபோது, யாருடைய பணம் எந்தக் கூட்டாளி வங்கியில் இருக்கிறது என்பதே குழம்பிப்போனது. சாதாரண மக்கள் மாதக்கணக்கில் தங்கள் சேமிப்பைத் தொட முடியாமல் தவித்தார்கள். யாருக்கு எவ்வளவு பணம் என்று நாளாந்தம் சரிபார்க்கும் கணக்கு ஒப்பீட்டை வங்கி தன் கையில் வைத்திருக்காவிட்டால் இந்த ஆபத்து எங்கேயும் வரும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அடுத்த நாலைந்து காலாண்டு அறிக்கைகளில், மொத்த வைப்பில் நடைமுறை, சேமிப்புக் கணக்குகளின் பங்கு உயர்கிறதா என்று பாருங்கள். கட்டண வருமானத்தோடு கட்டணச் செலவையும் சேர்த்தே வாசியுங்கள். பலர் அந்த இரண்டாவது வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்புறம், பங்குதாரர் என்ற உரிமையோடு ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: செயலி வழியாகக் கொடுத்த கடன் திரும்பாவிட்டால், முதல் நட்டம் யாருடையது?