வாசகர் கேள்வி பதில்: சி டிரைவ் நிரம்பிய ஆய்வகக் கணினிகள்

கேள்வி: எங்கள் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில், 2011-ஆம் ஆண்டு வாங்கிய 20 கணினிகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. விண்டோஸ் 7 நிறுவப்பட்ட அவற்றில் 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தாலும், சி டிரைவுக்கு 50 ஜிபி மட்டுமே ஒதுக்கியிருப்பதால் அது நிரம்பிவிட்டது. டி டிரைவ் ஏறக்குறைய காலியாக உள்ளது. பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேவையான பைதான் நிரல்மொழியையும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளையும் நிறுவ இடமில்லை. எல்லாவற்றிலும் 1 டிபி ஹார்டு டிஸ்க் மாற்றிவிடலாம் என்கிறார் பழுதுபார்ப்பவர். நிர்வாகத்திடம் எதைக் கேட்பது?
கணினி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: 1 டிபி டிஸ்க் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இருக்கும் 320 ஜிபியிலேயே பெரும்பகுதி காலியாகக் கிடக்கும்போது, பெரிய டிஸ்க் வாங்குவது காலியிடத்தைக் கூட்டுமே தவிர, கணினியின் வேகத்தைச் சொல்லிக்கொள்ளும்படி கூட்டாது.

செலவில்லாத வேலையை முதலில் ஒரே ஒரு கணினியில் செய்து பாருங்கள். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துத் துப்புரவு செய்து, படித்து முடித்துச் சென்ற மாணவர்களின் பயனர் கணக்குகளை நீக்குங்கள். திறந்திருப்பவற்றை டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேஷன் வசதியை நிறுத்தினால், விண்டோஸ் 7-இல் நினைவகத்தின் (ரேம்) முக்கால் பங்கு அளவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் கோப்பு நீங்கிவிடும். விண்டோஸ் தன் கூறுகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறை மிகப் பெரியதாகத் தெரிந்தாலும் அதைக் கையால் அழிக்கக் கூடாது. அழித்தால் விண்டோஸ் இயங்காமலே போகக்கூடும்.

டி டிரைவின் காலியிடத்தைச் சி டிரைவுக்கு மாற்றுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டி டிரைவைச் சுருக்கினால் விடுபடும் இடம் அதன் வலது ஓரத்தில் கிடைக்கிறது. ஆனால் சி டிரைவை விரிவாக்க, அதற்கு ஒட்டிய வலப்பக்கத்தில் காலியிடம் வேண்டும் என்கிறது விண்டோஸ். நம் வீட்டுக்கும் காலி மனைக்கும் நடுவே இன்னொரு வீடு நிற்பது போன்ற நிலை இது. ஆகவே, டி டிரைவில் உள்ளவற்றை வெளியே நகலெடுத்துவிட்டு அதை முழுவதும் நீக்க வேண்டியிருக்கும். பல பழைய கணினிகளில் டி டிரைவ் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற, டிரைவுகளை உள்ளடக்கும் வெளிப்பகுதிக்குள் அமைந்திருக்கும். அந்த வெளிச்சுற்றையும் நீக்கினால்தான் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ என்ற கட்டளை செயல்படத் தொடங்கும். ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருளால் டி டிரைவை நீக்காமலே நகர்த்தலாம். இடையில் மின்சாரம் போனால் தரவு முழுவதும் கெட்டுவிடக்கூடும் என்பதால், யு.பி.எஸ். இல்லாத ஆய்வகத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. பைதான் 3.8-க்குப் பிந்தைய பதிப்புகள் விண்டோஸ் 7-இல் நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. எனவே, நிர்வாகம் தரும் பணத்தைக் கணினிக்கு ஒரு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) வாங்கவும், இயன்றால் நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்தவும் செலவிட்டு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸின் எடை குறைந்த பதிப்பு ஒன்றை நிறுவுவதே சரியான வழி என்று கருதுகிறேன். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பரிசீலிக்கலாம். லினக்ஸ், பைதான், மைஎஸ்க்யூஎல் மூன்றும் 30 ஜிபிக்குள் அடங்கிவிடும். அக்காலத்து மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாமல் இருக்கலாம். ஆயினும் சுழலும் தட்டில் ஒரு தரவைத் தேட 10 மில்லி நொடிக்கு மேல் ஆவது, எஸ்.எஸ்.டி.யில் மிகச் சிறு பின்னமாகக் குறைந்துவிடுவதால், வேறுபாட்டை மாணவர்களே உணர்வார்கள். நிறுவும் முன், கணினியின் தொடக்க அமைப்புகளான பயாஸில், டிஸ்க் இணைப்புக்கு ஏ.எச்.சி.ஐ. முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா மென்பொருள் கொண்டு மற்றவற்றுக்கு நகலெடுத்தபின், ஒவ்வொன்றின் கணினிப் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

மாணவர்களின் கோப்புகளை ஒரே கணினியில் பொதுக் கோப்புறையாக வைக்கலாம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வலையமைப்பில் நொடிக்கு 12 எம்பி (மெகாபைட்) அளவே கிடைக்கும். நிரல்களுக்கு அது தாராளம், பாடக் காணொளிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தால் போதாமல் போகலாம்.

கேள்வி: கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்குகளை எடைக்குப் போட்டுவிடலாமா?
தலைமையாசிரியர், திருநெல்வேலி

பதில்: கூடாது. அவற்றில் மதிப்பெண் பட்டியல்களும் மாணவர்களின் ஆதார் நகல்களும் இருக்கக்கூடும். விரைவு ஃபார்மட் செய்தால் அவை அழிவதில்லை, மீட்பு மென்பொருளால் திரும்ப எடுத்துவிடலாம். டிஸ்க் முழுவதையும் ஒருமுறை பூச்சியங்களால் மேலெழுதச் செய்யுங்கள். டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ (பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள்), ‘பெண்டிங் செக்டர்’ (பழுது எனச் சந்தேகிக்கப்படும் பகுதிகள்) இரண்டின் மூல மதிப்பும் பூச்சியமாக உள்ள டிஸ்க்குகளைக் காப்பு நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை இருப்புப் பதிவேட்டில் முறைப்படி கழித்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.