களைத்த உடம்புக்கு எவ்வளவு பயிற்சி? – வாசகர் கேள்வி பதில்

நாட்பட்ட களைப்பு நோய் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 38. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். வைரஸ் காய்ச்சல் வந்து போனதிலிருந்து எட்டு மாதமாக உடம்பில் தெம்பே இல்லை. எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரி இல்லை. நாட்பட்ட களைப்பு நோய் என்று டொக்டர் சொன்னார். நடந்தால் சரியாகிவிடும் என்று லயத்தில் எல்லோரும் சொன்னதால் ரோட்டு வரைக்கும் போய் வந்தேன், இருபது நிமிஷம் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பின்னேரம் படுத்தவள் நான்கு நாள் எழும்பவில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதும் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்த நான்கு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் அடையாளமே அதுதான். உடம்பின் சக்திக்கு மீறி ஏதாவது செய்தால் அடி உடனே விழாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து விழும். விழுந்தால் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். இதைப் பின்தாக்கம் என்று சொல்வோம். வேலை செய்த அலுப்பு ஓர் இரவு தூக்கத்தில் போய்விடும், பின்தாக்கம் போகாது. சைக்கிள் மிதிக்கவிட்டு மூச்சை அளக்கும் பரிசோதனையை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்தால், சுகமாக இருப்பவருக்கு இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். இந்த நோயுள்ள பலருக்கு இரண்டாம் நாள் அளவு இறங்கிவிடும். அதனால் 'நடக்க நடக்கப் பழகிவிடும்' என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. பிரித்தானியாவில் டொக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டல் வெளியிடும் நைஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வழிகாட்டலில் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2021 ஒக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டலில் அதைக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிவிட்டது. பழைய ஆலோசனையை யார் சொன்னாலும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி இந்த நோயைக் குணப்படுத்தாது. மூட்டு இறுகாமலும் தசை மெலியாமலும் பார்த்துக்கொள்ள உதவும். அதுவும் பின்தாக்கம் வராத அளவுக்குள் நின்றால் மட்டுமே.

முதல் இரண்டு வாரம் பயிற்சியே வேண்டாம். ஒரு கொப்பியில் அன்றாடம் செய்ததை எழுதுங்கள். சமைத்தது, பீலியில் தண்ணீர் பிடித்தது, உடுப்புத் துவைத்தது, விருந்தாளியோடு ஒரு மணி நேரம் பேசியது கூடச் சேரும். பக்கத்தில் அன்றைய தெம்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். எண் விழுந்த நாளைக் கண்டால் அதற்கு முந்தின இரண்டு நாளில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும். மோசமான நாளிலும் உங்களால் செய்ய முடிந்தது எவ்வளவோ அதுவே உங்கள் அளவு. நல்ல நாளில் முடிந்ததை அளவாக எடுப்பதில்தான் அநேகர் பிழை விடுகிறார்கள்.

நாட்கள் ஓரளவு ஒரே மாதிரி வந்த பிறகு, படுக்கையிலேயே தொடங்குங்கள். மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். பாதத்தை முகத்தின் பக்கம் இழுத்து, பிறகு கீழே தள்ளுங்கள், மூன்று முறை. ஒரு நிமிஷம் பேசாமல் கிடங்கள். அடுத்து தலையணையை எடுத்துவிட்டு ஒரு குதிகாலைப் படுக்கையில் உரசியபடியே இழுத்து முழங்காலை மடக்கி, மெதுவாக நீட்டுங்கள், காலுக்கு இரண்டு முறை. மறுபடி ஒரு நிமிஷம். பிறகு முழங்கையைப் படுக்கையில் ஊன்றியபடி உள்ளங்கையைத் தோளுக்குக் கொண்டுவந்து இறக்குங்கள், கைக்கு இரண்டு முறை. கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டாம், நாடித் துடிப்பு சட்டென்று ஏறும். மூச்சை அடக்காதீர்கள். இவ்வளவும் சேர்ந்து அசைவு இரண்டு நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. முடிந்ததும் பத்து நிமிஷம் கண்ணை மூடிப் படுத்திருங்கள். டெலிபோன் பார்ப்பது ஓய்வில் சேராது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இரண்டு வாரம் பின்தாக்கம் இல்லாமல் போனால் ஏதாவது ஓர் அசைவில் மட்டும் ஒன்று கூட்டிப் பார்க்கலாம். கூட்டியே ஆக வேண்டும் என்பதில்லை, மாதக்கணக்கில் அதே அளவில் நிற்பதும் நல்லதே. பின்தாக்கம் வந்தால் உடனே நிறுத்தி, பழைய நிலைக்கு வரும்வரை விட்டுவிட்டு, பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டாம்.

நடை பற்றி ஒன்று. மலைநாட்டில் லயத்திலிருந்து ரோட்டுக்குப் போவதென்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் படி இருக்கும். இறங்கிப் போகும்போது சுகமாக இருப்பதால் தூரம் தெரியாது, சக்தி தீர்ந்த நேரத்தில் ஏறி வர வேண்டியிருக்கும். ஆகவே நடக்கும் காலம் வரும்போது இஸ்தோப்பு மாதிரி சமதரையில், உட்கார ஒரு கதிரை போட்டு, அந்த நீளத்துக்குள்ளேயே நடங்கள். குளிக்கிற நாளில் பயிற்சி வேண்டாம், குளிப்பதே பயிற்சிதான். 10 லீற்றர் வாளி நிரம்பினால் 10 கிலோ, அதை மூன்று லீற்றராகப் பிரித்து மற்றவர் கொண்டுவரட்டும்.

இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரத்தச்சோகை, தைரோயிட், சுகர், பி12, சிறுநீரகம், ஈரல், காசநோய் எல்லாம் இதே மாதிரிக் களைப்பைக் கொடுக்கும், அவற்றுக்கு மருந்தும் உண்டு. தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம் என்பதால் இரும்புச் சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேளுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச் சத்து சரியாக உறிஞ்சப்படாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கேள்வி: நாடித் துடிப்பைப் பார்த்து அளவோடு நிற்கலாம் என்கிறார்கள். என்னிடம் அந்த மாதிரிக் கடிகாரம் இல்லை. எப்படிப் பார்ப்பது? (பண்டாரவளை வாசகர்)

பதில்: சுவர்க் கடிகாரம் போதும். காலையில் கண் விழித்ததும், எழும்புவதற்கு முதல், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏழு நாள் எண்ணி சராசரி எடுத்து, அதோடு 15ஐக் கூட்டுங்கள். சராசரி 72 என்றால் உங்கள் எல்லை 87. ஒரு வேலையின் நடுவில் அதைத் தாண்டினால் விட்டுவிட்டுப் படுங்கள். இது ஒரு கைக்கணக்கு, சட்டம் அல்ல. சிலருக்கு எழுந்து உட்கார்ந்தாலே எல்லை தாண்டும், அவர்கள் படுத்துச் செய்யும் அசைவுகளோடு நிற்க வேண்டும். புரோப்ரனோலோல், அட்டினோலோல் போன்ற மருந்து எடுப்பவருக்கு இந்தக் கணக்குப் பிழைக்கும், அந்த மருந்து துடிப்பைக் குறைத்து வைக்கும்.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய். அடுப்படியில் நின்றால் தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது. படுத்தால் சரியாகிறது. அம்மா சோம்பல் என்கிறார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. (மஸ்கெலியா வாசகர்)

பதில்: அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனம் 1969 முதல் இதை நரம்பு மண்டல நோய்களில் வகைப்படுத்தியிருக்கிறது. சோம்பல் உள்ளவர் வேலையைத் தள்ளிப்போடுவார். இந்த நோயுள்ளவர் முடிந்த நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு மறுநாள் விழுவார்.

நிற்கும்போது மட்டும் வரும் படபடப்பு தனியாகக் கவனிக்க வேண்டியது. எழுந்து நிற்கையில் இரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. கிளினிக்கில் மனைவியைப் படுக்கவைத்து நாடியும் பிரஷரும் பார்த்து, பிறகு பத்து நிமிஷம் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் விழாமல் துடிப்பு மட்டும் 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. வீட்டில் தனியாகச் சோதிக்க வேண்டாம், விழுந்துவிடலாம். மரக்கறி வெட்டுவது, அரிசி களைவது எல்லாம் உட்கார்ந்தபடி. முக்காலியோ கதிரையோ நல்லது, குந்தியிருந்து சட்டென்று எழும்புவது கூடாது. காலையில் எழும்பும் முன் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, பாதத்தைப் பத்து முறை ஆட்டி, ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து எழும்பட்டும். பிரஷர், இருதயம், சிறுநீரகப் பிரச்சினை ஒன்றும் இல்லையென்று டொக்டர் சொன்னால் உப்பைக் கொஞ்சம் கூட்டலாம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனியைக் கரைப்பதானால் பக்கெட்டில் போட்ட அளவுப்படி முழுப் பக்கெட்டையும் 1 லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

அடுப்படியை இரண்டு வாரம் நீங்கள் எடுத்துக்கொண்டு பாருங்கள். கொப்பியில் எண் எப்படி மாறுகிறதென்று அம்மாவும் பார்க்கட்டும்.

கேள்வி: யோகாசனம் செய்யலாமா? (பதுளை வாசகி)

பதில்: சூரிய நமஸ்காரம் வேண்டாம். குனிந்து நிமிர்வதும் கையில் பாரம் போடுவதும் இந்த நோய்க்கு அதிகம். சவாசனம் தாராளமாகச் செய்யலாம். படுத்தபடி வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடுவது ஐந்து நிமிஷம் செய்யலாம். கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சியும், மூச்சை உள்ளே அடக்குவதும் வேண்டாம்.

கேள்வி: மழைக்காலத்தில் குளிரில் உடம்பு இறுகிவிடுகிறது. அப்போதும் செய்யலாமா? (நுவரெலியா வாசகர்)

பதில்: கம்பளிக்குள்ளேயே செய்யுங்கள். காலில் மேஸ் போட்டு, கால்மாட்டில் வெந்நீர்ப் போத்தலை ஒரு துவாயில் சுற்றி வைத்து, பத்து நிமிஷம் சூடேறிய பிறகு பாத அசைவை மட்டும் செய்யுங்கள். குளிரில் நடுங்குவதும் சக்தியைத் தின்னும், அப்படியான நாளில் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். உடம்பு வலிக்குச் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பவர்கள் இளஞ்சூட்டோடு நிறுத்தி, உட்கார்ந்து குளியுங்கள். அதிகச் சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து மயக்கம் வரும். நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மயங்கி விழுவது, கை கால் ஒரு பக்கம் வலுவிழப்பது ஆகியவற்றை இந்த நோயின் கணக்கில் போட்டுவிடாமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.