லத்தீனும் கொண்டுகூட்டும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

லண்டனில் இருக்கிறோம். மகளுக்குப் பதினேழு வயது. பல்கலைக்கழகத்தில் லத்தீனும் ரோமானிய இலக்கியமும்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் பள்ளியில் லத்தீனே கிடையாது. வீட்டுக்காரருக்கு வேலைக் கவலை. எனக்கு வேறு சந்தேகம். ரோமானியக் கவிஞர் வர்ஜில் முதல் எல்லாரும் நல்ல ஆங்கிலத்தில் கிடைக்கும்போது, செத்த மொழியை அரிச்சுவடியிலிருந்து படிக்கத்தான் வேண்டுமா? நீங்கள் படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

சு.

அன்புள்ள சு.,

பள்ளியில் படிக்காதது குறையே இல்லை. ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜில் வேதியியல் படிக்கப் போனாலும் லத்தீன் தேறியிருக்க வேண்டும், 1960 வாக்கில்தான் அதை விட்டார்கள். இன்று அதே கேம்பிரிட்ஜில் லத்தீன் தெரியாமல் வருபவர்களுக்காகவே முன்னால் ஒரு வருடம் சேர்த்து நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. வேலையா? லத்தீன் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் கூப்பிட்டுச் சம்பளம் தரப்போவதில்லை, அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் சந்தேகம் பெரிய இடங்களிலும் உண்டு. கிரேக்கமோ லத்தீனோ கட்டாயமில்லை, செவ்வியல் துறையில் பட்டம் வாங்கலாம் என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2021-ல் விதியை மாற்றியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு ஒரே ஒரு வரி, வர்ஜிலின் ஆயர் பாடல்களில் முதல் வரி:

தீத்திரே, தூ பத்துலாய் ரெகுபான்ஸ் சுப் தெக்மினே ஃபாகீ

கிளை பரப்பிய பீச் மரத்தின் நிழலில் நீ சாய்ந்து கிடக்கிறாய் என்று தீத்திருஸ் என்ற ஒருவனைப் பார்த்துச் சொல்வது. ஆனால் சொற்கள் நிற்கும் வரிசையைப் பாருங்கள்: 'தீத்திரே, நீ, பரந்த, சாய்ந்தபடி, கீழே, கவிகையின், மரத்தின்'. 'பரந்த' ஒரு முனை, 'மரத்தின்' மறுமுனை. இரண்டுக்கும் ஒரே வேற்றுமை, ஒரே பால், அதனால் எவ்வளவு தள்ளி நின்றாலும் ஒன்றையொன்று விடாது. நடுவில் அந்த ஆள் படுத்திருக்கிறான், மரம் வரிக்குள்ளேயே அவன்மேல் கவிந்திருக்கிறது. தமிழில் 'பரந்த' என்றால் மரம் சீக்கிரம் வந்தாக வேண்டும், நடுவில் வேறு சொல் நுழைய, இலக்கணத்தில் இடைப்பிறவரல் என்பார்கள், கொஞ்சம் இடமுண்டு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதுவும் இல்லை.

ஆனால் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. நம் உரையாசிரியர்கள் 'கொண்டுகூட்டு' என்று செய்வதைத்தான் லத்தீன் வகுப்பில் முதல் இரண்டு வருடமும் செய்கிறோம்: வினையைத் தேடு, எழுவாயைப் பிடி, மிச்சத்தைக் கொண்டுவந்து சேர். வேற்றுமை என்றதும் என் வகுப்பில் மற்றவர்கள் முழித்தார்கள், எனக்கு ஐ, ஆல், கு நினைவுக்கு வந்தது. (வீரமாமுனிவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர். கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது.)

அதற்காக நான் கெட்டிக்காரி இல்லை. லோப் வரிசை என்று சிவப்பு அட்டைப் புத்தகங்கள் உண்டு, இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு லத்தீன் தெரியும் என்றே நம்பிவிட்டேன். அப்புறம் தேர்வில் முன்பின் பார்க்காத பத்தி ஒன்று வந்தது, வரலாற்றாசிரியர் லிவி எழுதியது, ஒரே வாக்கியம் பாதிப் பக்கத்துக்கு ஓடுகிறது. யார் யாரை வெட்டினார் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். கடைசியில் வெட்டியவனைச் செத்தவனாக எழுதிவிட்டு வந்தேன்.

அப்புறம், செத்த மொழி என்கிறீர்கள். ம்யூனிக்கில் 1894-ல் தொடங்கிய லத்தீன் பேரகராதி இன்னும் முடிந்தபாடில்லை.

இப்போதைக்கு அந்தச் சிவப்புப் புத்தகங்களை அவள் கண்ணில் காட்டாதீர்கள். டென்மார்க்காரர் ஓர்பெர்க் எழுதிய பாடநூலை வாங்கிக் கொடுங்கள். பாடம் முழுக்க லத்தீன்தான், 'ரோமா இன் இத்தாலியா எஸ்ட்' என்று ஆரம்பிக்கும். இரவில் நீங்களும் கூட உட்காரலாம், முதல் அத்தியாயத்துக்கு யார் உதவியும் வேண்டியிருக்காது.