சீரியல் பார்த்துத் திருந்திய ஒருவரை எனக்குத் தெரியும்

"தொலைக்காட்சித் தொடர் பார்த்து யாராவது திருந்தியிருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ மாலை முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அப்பா திருந்தினார்.

2003-இல் சன் டிவியில் 'மெட்டி ஒலி' ஓடிக்கொண்டிருந்தது. தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் சிதம்பரம், மாமியார் ராஜத்திடம் சிக்கிய மகள் சரோ. எங்கள் வீட்டிலும் மூன்று பெண்கள். பெரிய அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். ஆடிக்கும் தீபாவளிக்கும் கொண்டுபோன சீர் போதவில்லை என்று அங்கே தினமும் ஏச்சு. "சரோ எப்படிப் பொறுத்துப் போகிறாள் பார்" என்று அம்மா தொலைபேசியில் அவளுக்குச் சொல்வார். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி, பார்க்காததுபோலப் பார்ப்பார். ஒருநாள் சம்பந்தி வீட்டில் சிதம்பரம் தலைகுனிந்து நின்றபோது தாள் மெல்லத் தாழ்ந்தது. மடியில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவர் கை திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அக்காவை அழைத்து வந்துவிட்டார். "நான் அங்கே போய் நிற்பது எப்படி இருக்கிறது என்று நேற்றுதான் பார்த்தேன்" என்றார், அவ்வளவுதான்.

ஒரு தொடரால் மட்டுமா என்பீர்கள். உறுத்தல் முன்பே இருந்திருக்கும், மறுக்கவில்லை. எல்லாத் தொடரும் நல்லவை என்றும் சொல்ல வரவில்லை. 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' சமூக மாற்றத்துக்கென்றே எடுக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து அறிவுரை சொல்வார். எல்லாவற்றையும் சகிக்கும் தாய் பாக்வந்தியை, இப்படி இருக்கக் கூடாது என்று காட்டத்தான் அதில் வைத்தார்கள். பார்த்தவர்களில் பலர் அவளையே உத்தமியாக எடுத்துக்கொண்டதாகப் பின்னால் நடந்த ஆய்வு சொன்னது. என் அம்மா செய்ததும் அதுதான்.

திரும்பி வந்த அக்காவுக்குத் தையல் மெஷின் வாங்க அவள் வளையலை விற்றோம்.

டிவிதான் அக்கா குடும்பத்தைப் பிரித்தது என்று உறவில் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். அவள் ரவிக்கை தைத்தே மகனைப் படிக்க வைத்தாள். அம்மா 2005-இல் தொடர் முடியும்வரை விடாமல் பார்த்தார். சரோ அழத் தொடங்கினால் அக்கா எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். அந்தச் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது. அம்மா ஒருநாளும் டிவி சத்தத்தைக் கூட்டவில்லை.